பான்போ: வீட்டருகே புதைத்த தாழிகள்

இந்தக் கூரைக்குக் கீழே கிடப்பது 6,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஊர். யாங்ஷாவ் பண்பாட்டு மக்கள் தினை விளைவித்து, மீன் பிடித்து வாழ்ந்த இடம். சியான் நகரின் கிழக்கே 1953-இல் கட்டுமான வேலையின்போது தென்பட்டது. 1954 முதல் 1957 வரை அகழாய்வு நடந்தது. தோண்டிய மண்ணின் மீதே கூடம் எழுப்பி, 1958-இல் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள்.

தரையில் வரிசையாகத் தெரியும் சிறு குழிகள் வீட்டுத் தூண்கள் நின்ற இடங்கள். குடியிருப்பைச் சுற்றி ஓடுவது 5 முதல் 6 மீட்டர் ஆழமுள்ள அகழி. இரும்பு அறியாத கைகள் வெட்டியது என்பதை நினைத்துக்கொண்டே அதைப் பாருங்கள்.

பெரியவர்களை அகழிக்கு வடக்கே இடுகாட்டில் புதைத்தார்கள். குழந்தைகளில் பெரும்பாலோரைத் தாழியில் வைத்து வீட்டருகிலேயே புதைத்தார்கள். அவ்வளவு தொலைவு அனுப்ப மனம் வரவில்லை போலும். மேலே மூடிய கிண்ணத்தின் அடியில் சிறு துளை இருக்கும். உயிர் வந்துபோக விட்ட வழி அது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

மனித முகமும் மீனும் சேர்ந்த புகழ்பெற்ற வண்ண வட்டிலும் இப்படியொரு தாழியின் மூடிதான். ஓவியம் அதன் உட்புறத்தில் இருக்கிறது. கவிழ்த்து மூடியபோது அது குழந்தையின் பக்கம் இருந்தது. அந்த வட்டில் இப்போது பெய்ஜிங்கில், சீனத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.