மஞ்சள் நோட்டீஸ் வந்தா பணம் போச்சா? கடன் வக்கீல்கள் முதல்ல கேட்கிற கேள்வி என்ன?

கார்த்திகைக்கு ரெண்டு மாசம் இருக்கு. விருத்தாசலத்துல உங்க அப்பாவோட பீங்கான் யூனிட்ல இருந்து அகல் விளக்கு லோடு கிளம்புது. "தீபம் முடிஞ்சதும் செட்டில் பண்ணிடுறேன்ணே"னு வெளியூர் வியாபாரி சொல்றார். பொங்கலும் போயாச்சு, பணம் வரல. அப்புறம் ஒருநாள் கோர்ட்ல இருந்து நோட்டீஸ் வருது. அவர் திவால் மனு போட்டிருக்கார்!

காட்சி கற்பனைதான். ஆனா, கடனுக்கு சரக்கு அனுப்புற எந்த வீட்டுலயும் இந்தப் பயம் உண்டு. "மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டான்"னு சொன்னாலே, பணம் போச்சுனு தலையில கை வெச்சு உட்கார்ந்துடுவாங்க. அங்கேதான் தப்பு நடக்குது. அந்த நோட்டீஸ் தீர்ப்பு இல்ல, வெறும் மனு. எதிர்த்து வாதாடற உரிமை உங்களுக்கு இருக்கு.

கடன் கொடுத்தவங்களுக்காக ஆஜராகிற வக்கீல்கிட்ட போனா, "எவ்வளவு வரணும்?"னு கேட்கிறதுக்கு முன்னாடியே, "பில் யார் பேர்ல போட்டீங்க?"னு கேட்பார். தனி ஆளா, பார்ட்னர்ஷிப்பா, பிரைவேட் லிமிடெட்டா? எந்தச் சட்டம், எந்தக் கோர்ட்னு எல்லாமே அந்தப் பதில்ல இருக்கு.

தனி ஆள்னா, சென்னைக்கு வெளியே இன்னிக்கும் 1920-ம் வருஷத்து மாகாண திவால் சட்டம்தான். 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம்னு அதுல எழுதியிருக்கு. நூறு வருஷப் பழசுங்கிறதுக்கு வேற சாட்சி வேண்டாம். திவாலானவர்னு கோர்ட் அறிவிச்சா, அவரோட சொத்தை கோர்ட்டோ, கோர்ட் நியமிக்கிற ரிசீவரோ எடுத்துப்பாங்க. உங்களுக்கு வரவேண்டிய கடனை ஆதாரத்தோட நீங்க பதிவு பண்ணணும். வீட்டுல சும்மா இருந்தா பங்கு வராது. முக்கியமா, அறிவிப்புக்கு வழிவகுத்த மனுவுக்கு முந்தின 2 வருஷத்துக்குள்ள மச்சான் பேருக்கோ மனைவி பேருக்கோ சொத்தை சும்மா மாத்தியிருந்தா, அதை ரத்து பண்ணச் சொல்லிக் கேட்க முடியும். நல்ல வக்கீல் சார்பதிவாளர் அலுவலகத்துல வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறது இதுக்குத்தான்.

கம்பெனினா கதையே வேற. 2016-ல வந்த திவால் சட்டப்படி, சென்னையில இருக்கிற தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகணும். முதல்ல டிமாண்ட் நோட்டீஸ், 10 நாள் டைம், அப்புறம் மனு. கேட்க ஜோரா இருக்கும். ஆனா ஆரம்பத்துல 1 லட்சமா இருந்த வரம்பை 2020 மார்ச்ல 1 கோடியா ஏத்திட்டாங்க. அகல் விளக்கு யூனிட்டுக்கு ஒரே பார்ட்டி 1 கோடி பாக்கி வெச்சா, யூனிட்டே மிஞ்சாது! வேற யாராவது அந்தக் கம்பெனியை அங்கே இழுத்திருந்தா, உங்க பாக்கியையும் பதிவு பண்ணலாம். கம்பெனியை மூடி விக்கிற நிலை வந்தா, அடமானம் வாங்கின பேங்க்கும் தொழிலாளர்களும் முன்னாடி நிப்பாங்க. சரக்கு கொடுத்த நீங்க, அரசுக்கு வரவேண்டிய பாக்கிக்கும் பின்னாடிதான்.

"பாதி உடைஞ்சு வந்துச்சு"

இது பீங்கான்காரங்களுக்கே உரிய தலைவலி. சரக்கு உடைஞ்சிருக்குனு நோட்டீஸுக்கு முன்னாடியே வாங்கினவர் புகார் பண்ணி, அதுல விஷயம் இருந்தா, தீர்ப்பாயம் மனுவைத் தள்ளிடும். 2017-ல மொபிலாக்ஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது இதைத்தான்: தகராறு உண்மையா இருக்கானு மட்டும் பார்க்கணும், யார் ஜெயிப்பாங்கனு அங்கே பார்க்க வேண்டியதில்ல. அதனால உடைஞ்ச போட்டோ வாட்ஸ்அப்ல வந்தா 'ப்ளூ டிக்'கோட விட்டுடாதீங்க. எத்தனை பீஸ், எவ்வளவு கழிவு, மீதி எவ்வளவுனு அன்னிக்கே பதில் போடுங்க. அந்த சாட்டை அழிக்கவும் வேண்டாம்; உரிய சான்றிதழோட கோர்ட்ல அது சாட்சி.

சின்ன யூனிட்டுக்கு உண்மையில கைகொடுக்கிறது 2006-ம் வருஷத்து சிறு, குறு தொழில் சட்டம். ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாது. இழுத்தா, ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற பேங்க் ரேட்டுக்கு 3 மடங்கு, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. வசதிக் குழுமத்துல தோத்தவர் கோர்ட்டுக்குப் போகணும்னா, 75 சதவிகிதத்தைக் கட்டிட்டுத்தான் போக முடியும். உத்யம் பதிவை மட்டும் சரக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. பின்னாடி பண்ணா, அதை வெச்சே எதிர்த்தரப்பு வாதாடும்.

சாதாரண சிவில் வழக்குன்னா பொதுவா 3 வருஷக் கெடு. அதுக்குள்ள பாக்கியை ஒத்துக்கிட்டு அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, கெடு அந்தத் தேதியில இருந்து மறுபடி ஆரம்பிக்கும். "அண்ணன் தப்பா நினைப்பாரு"னு கூச்சப்பட்டு அந்த ஒரு கையெழுத்தைக் கேட்காம விடுறவங்கதான் அதிகம் சிக்கிக்கிறாங்க.

இந்த வேலைக்கு நீங்க வரணுமா?

சட்டம் படிச்சு, பார் கவுன்சில்ல பதிவு பண்ணி, அகில இந்திய பார் தேர்வும் பாஸாயிட்டா இந்த வழக்குகளை எடுக்கலாம். திவாலான கம்பெனியையே பொறுப்பெடுத்து நடத்துற 'இன்சால்வன்சி புரொஃபஷனல்' ஆகணும்னா, பொதுவா வக்கீலா 10 வருஷ அனுபவமும் தனித் தேர்வும் வேணும். சி.ஏ., கம்பெனி செக்ரட்டரி படிச்சவங்களும் அதே போட்டியில இருப்பாங்க. சினிமால வர்ற மாதிரி வாதமெல்லாம் இங்கே கம்மி. லெட்ஜரும் லாரி ரசீதும் புரட்டுறதுதான் பாதி நாள் பொழப்பு. பீங்கான் யூனிட்ல பில் போட்டு வளர்ந்த பசங்களுக்கு அது ஒண்ணும் புதுசில்ல.