ஸ்டுடியோ ஸ்பீக்கரை வீட்டில் வைத்தால் பாட்டு இனிக்குமா?

"ஒவ்வொரு சின்ன சத்தமும் துல்லியமா கேட்கும்!" ஹெட்போன், ஸ்பீக்கர் விளம்பரங்கள் எல்லாம் இப்படித்தான் சொல்கின்றன. நம்பி வாங்கியவர்களில் சிலர், அரை மணி நேரத்திலேயே காது களைத்துப்போய் கழற்றி வைத்துவிடுகிறார்கள். ஏன் இப்படி?

பழைய ஸ்டுடியோ படங்களில், மிக்ஸிங் மேசை மேல் வெள்ளைக் கூம்பு தெரியும் கறுப்புப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அது யமஹா என்.எஸ்-10. 1978-ல் வீட்டில் பாட்டு கேட்கத்தான் அது விற்பனைக்கு வந்தது. ஆனா வீடுகளில் எடுபடல. பேஸ் குறைவு, குரலும் கிடாரும் இருக்கும் நடுப்பகுதி தூக்கல். அந்தக் குணம்தான் 1980-களில் சவுண்ட் இன்ஜினியர்களுக்குப் பிடித்துப்போனது. ரெக்கார்டிங்கில் எங்கே பிசிறு என்று உடனே காட்டிக்கொடுத்துவிடுமே! அவர்களிலும் பலர் கூச்சல் தாங்காமல் ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டி வைத்தார்கள் என்பது தனிக்கதை. 2001-ல் தயாரிப்பு நின்றது.

குறை கண்டுபிடிக்க உதவும் கருவி, சாய்ந்து உட்கார்ந்து ரசிக்கவும் உதவும் என்று சொல்ல முடியாது. நம் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்குத்தான் அதிகம் கூர்மையாக இருக்கும். அந்த இடத்தைக் கொஞ்சம் ஏற்றினாலே, இதுவரை கேட்காத விவரமெல்லாம் கேட்கிற மாதிரி இருக்கும். கூடவே 'ஸ', 'ஷ' எல்லாம் ஊசி மாதிரி குத்தும்.

அதுக்காக துல்லியமே வேண்டாம் என்றில்லை. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழு நடத்திய ஹெட்போன் சோதனைகளில், பெரும்பாலானோர் விரும்பியது சமநிலையான ஒலியைத்தான்; பேஸ் மட்டும் கொஞ்சம் கூடுதல். விவரம் எல்லாமே அதில் இருக்கும், எதுவும் முகத்தில் அறையாது.

கடையில் இரண்டு நிமிஷ டெமோவை நம்பாதீங்க. வால்யூம் லேசாகக் கூடினாலே 'இதுதான் பெஸ்ட்' என்று தோன்றும். ரெண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைக்கச் சொல்லி, நன்றாகப் பழகிய பாட்டை முழுசா கேளுங்க. ஏற்கெனவே வாங்கியாச்சா? ஆப்பில் ஈக்வலைசரைத் திறந்து 3 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை 2, 3 டெசிபல் இறக்கிப் பாருங்க. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறை என்றால், ஒரு கனமான திரைச்சீலையும் தரைவிரிப்பும் எதிரொலியைக் குறைக்கும்.