உயர்கல்வியில் மாற்றுத்திறன் மாணவர்: இடமும் ஏற்பாடும்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு இறுதியாக நிகழ்ந்தது 1961ஆம் ஆண்டில். பரதவரும் முஸ்லிம்களுமாகக் கல்லின் துணையோடு முத்துப் பார்களை நோக்கி இறங்கிய அக்காலத்தில், தோணியின் மேல் கயிறு பிடித்து ஒருவர் நிற்பார். கீழே மூச்சு முட்டும் கணத்தில் கயிறு அசையும். உடனே இழுத்தெடுப்பது அவர் பொறுப்பு. அக்கயிற்றைக் குளிப்பவர்க்குக் காட்டிய சலுகை என எவரும் கருதியதில்லை. அது தொழிலின் ஒரு பகுதி. கல்லூரியில் பயிலும் மாற்றுத்திறன் மாணவர்க்குச் செய்யப்படும் ஏற்பாடுகளையோ நாம் இன்றும் ‘சலுகை’ என்றே எழுதி வருகிறோம். இடர்கள் பலவற்றுக்கு இச்சொல்லே வேர் என்பது நம் கருத்து.

சட்டம் இவ்வாறு கருதவில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிறுவனங்களில் 3 விழுக்காட்டு இடங்களை ஒதுக்கியது. அதன் இடத்தில் வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு உயர்கல்வி நிறுவனங்களும் அரசு உதவி பெறுவனவும் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்க வேண்டும்; வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. இவை இடத்தைப் பற்றியவை. இதனினும் ஆழமானது அச்சட்டம் கூறும் ‘நியாயமான ஏற்பாடு’ என்னும் கருத்து. ஒருவரது தேவைக்கேற்ப, பிறர்மீது அளவுக்கு மிஞ்சிய சுமை ஏற்றாது செய்யத்தக்க மாற்றமே அது. அதனை மறுப்பதையும் பாகுபாடு என்றே சட்டம் வரையறுக்கிறது. சலுகையை மறுத்தால் அது கருணையின்மை. இதனை மறுத்தாலோ சட்ட மீறல்.

40 விழுக்காட்டுச் சான்றிதழ் இல்லாதவர்க்கு எதுவும் இல்லை எனக் கருதுவோரும் உளர். கையெழுத்துத் தசைப்பிடிப்பால் எழுத இயலாத ஒருவர், ஆட்சிப்பணித் தேர்வுக்குப் பதிலெழுத்தர் கேட்டு வழக்காடினார். விகாஷ் குமார் வழக்கு எனப்படும் அதில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடக் கூறியது: அந்த விழுக்காட்டு வரம்பு இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு உரியது, எழுத இயலாமை உண்மையெனில் பதிலெழுத்தர் வசதியை மறுத்தல் ஆகாது.

பதிலெழுத்தர் கிடைத்த பின்னரும் சிக்கல் தீர்வதில்லை. 2018இல் நடுவண் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத கூடுதல் நேரம் வகுத்தன. மாணவர் தாமே அழைத்து வரும் பதிலெழுத்தர் ஒரு படி குறைந்த கல்வித் தகுதியினராக இருத்தல் வேண்டும் என்றும் கூறின. முறைகேட்டைத் தடுக்கும் இவ்விதியின் நோக்கம் புரிகிறது. ஆயினும் கணிதத் தேர்வில் வர்க்கமூலக் குறி எவ்வுறுப்பு வரை நீள்கிறது என்பதை அக்குறியில் பழக்கமில்லாத ஒருவர்க்குச் சொல்லி எழுதச் செய்வதற்கு எத்துணை நிமிடம் செல்லும்? தேர்வுக்கு முன் இருவரும் ஓரிரு முறை சேர்ந்து பழக வாய்ப்பளித்தால் பாதித் துயர் நீங்கும்.

நம்மை மிகுதியும் வருத்துவது நூலின் நிலை. காயல்பட்டினத்துப் பார்வையற்ற மாணவி ஒருவர் தமிழ்வழியில் வரலாறு பயில்வதாகக் கொள்வோம். அவரிடம் கணினி உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இருவர் 2006இல் தொடங்கி, விலையின்றி வழங்கி வரும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பு மென்பொருளும் உண்டு. ஆசிரியர் அன்போடு அனுப்பிய குறிப்புகளோ பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்தவை. கண்ணுக்கு அங்கே ‘அம்மா’ என்று தெரியும். கணினிக்குத் தெரிவதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கில எழுத்துக்களின் குவியல். அதையே அது வாய்விட்டுப் படிக்கும். ஒளிப்படமாக எடுத்த பக்கமெனில் அதுவுமில்லை, வெறும் மௌனம். ஒருங்குறியில் அமைந்த கோப்பாயின் இவ்விடரே இல்லை. இது பெருஞ்செலவு வேண்டும் காரியமும் அன்று. அறியாமையே இங்குத் தடை. (2010இல் தமிழக அரசு ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல்லை ஏற்றது. சொல் மாறிய வேகத்தில் எழுத்துரு மாறவில்லை!)

செவித்திறன் குறைந்தோர் நிலை வேறு. பாளையங்கோட்டையில் அவர்க்கென 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி தோன்றிவிட்டது. பள்ளிக்குப் பின்? அவர்க்கெனத் தனி வகுப்பு நடத்தும் சென்னை மாநிலக் கல்லூரி, தூத்துக்குடியினின்று ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவர் வகுப்பில் நின்றால், அருகிலுள்ள கல்லூரியிலேயே பலர் பயில இயலும்.

முஸ்லிம் உலகின் பழைய கல்விக்கூடங்கள் இதனை அறியாதவை அல்ல. கெய்ரோவின் அல்அஸ்ஹரில் பார்வையற்ற மாணவர்க்கெனத் தனி இல்லம் ஒன்று வக்ஃபுச் சொத்தின் வருவாயால் நடந்து வந்தது. அதே அல்அஸ்ஹரில் 1902இல் சேர்ந்தவர் தாஹா ஹுஸைன். தேர்வாளர் தம்மைப் பெயர் சொல்லி அழையாது ‘குருடனே’ என விளித்த வடுவை அவர் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். உணவும் உறைவிடமும் தந்த அமைப்பே மதிப்பைத் தர மறந்தது. பின்னர் 1914இல் எகிப்தியப் பல்கலைக்கழகத்திலும், 1918இல் பாரிஸிலும் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1950இல் எகிப்தின் கல்வியமைச்சரானார். பாரிஸில் அவர்க்கு நூல்களை வாசித்தளித்த குரல், பின்னாளில் அவர்தம் துணைவியாரான சூஸானுடையது. அவ்வுதவி அவர்க்கு வாய்த்தது தனிப்பட்ட நற்பேற்றால். எல்லா மாணவர்க்கும் அது வாய்க்காது.

இக்கடற்கரையில் சமுதாயம் நடத்தும் கல்லூரிகளும் கல்வி அறக்கட்டளைகளும் பல. அரசு உதவி பெறாத சுயநிதிக் கல்லூரி 5 விழுக்காட்டுக் கடமைக்குள் வாராது என்பது மெய்யே. ஆயினும் கூட்டுக் கல்வியைப் பேசும் 16ஆம் பிரிவு, அரசின் நிதி பெறும் நிறுவனங்களோடு அங்கீகாரம் பெற்றவற்றையும் சேர்த்தே கூறுகிறது. கல்விக் கட்டணம் வழங்கும் நம் அறக்கட்டளைகள், அதன் சிறு பகுதியைத் தட்டச்சுப் பணிக்கு ஒதுக்கலாம். ஒரு பருவத்தின் குறிப்புகளை ஒருமுறை ஒருங்குறியில் அமைத்துவிட்டால் அடுத்தடுத்த ஆண்டு வருவோர்க்கும் அதுவே பயன்படும். பதிப்புரிமை குறித்து எவரும் அஞ்ச வேண்டுவதில்லை: 2012ஆம் ஆண்டுத் திருத்தம், இலாப நோக்கின்றி மாற்றுத்திறனாளிகளின் கல்விக்காக நூல்களை அவர்கள் படிக்கத்தக்க வடிவில் ஆக்குவதற்கு இசைவளித்துள்ளது.