வீதி வந்துவிட்டது, பேருந்து எப்போது வரும்?

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று கடந்து வந்தால் இறக்கக்கண்டி. ஏறக்குறைய 18 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலம். கம்பஹாவிலிருந்தும் பாணந்துறையிலிருந்தும் தினமும் கொழும்புக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் இதை ஒரு தூரமாகவே எண்ணமாட்டார்கள். ஆனால் எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளைக்கு டவுனில் வேலை கிடைத்திருக்கிறது என்றால், வீட்டார் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னர் "எத்தனை மணிக்கு விடுவினம்?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாததால் கைவிடப்பட்ட வேலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நானும் இந்த வீதியால் பல வருடங்களாக டவுனுக்குப் போய் வருகிறவள். கணக்கு எழுதும் வேலை. வீதி நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் இந்த 18 கிலோமீற்றர் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் ஏன் டவுனுக்கே போகவேண்டியிருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்பதுண்டு. கச்சேரி அங்கே. பெரிய ஆஸ்பத்திரியும் அதன் கிளினிக்குகளும் அங்கே. 1988இல் வடக்கு கிழக்கு மாகாண சபை அமைந்தபோது அதன் தலைமையகம் திருகோணமலையில்தான் இருந்தது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து 2007 ஜனவரியில் மாகாணங்கள் பிரிந்த பின்னர் கிழக்கு மாகாண சபையின் தலைமையகமும் அங்கேயே. உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பும் பிள்ளைகளில் அநேகர் கோணேஸ்வரா, சண்முகா, சென். மேரிஸ், சாஹிரா என்று டவுன் பாடசாலைகளைத்தான் பார்க்கிறார்கள். ரியூசனும் அங்கேதான்.

இதற்கு மேலாக எங்கள் பகுதிக்கே உரிய ஒரு காரணம் உண்டு. அது போரோடு வந்தது. 1990இல் இந்தக் கரையோரக் கிராமங்கள் வெறுமையாகின. சிலர் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனார்கள். சிலர் டவுனில் உறவினர் வீடுகளிலும் முகாம்களிலும் தங்கினார்கள். திரியாய் போன்ற ஊர்கள் அதற்கு முன்னரே, 1985இலேயே எரிந்து இடம்பெயர்ந்தவை. டவுனில் பத்து, பதினைந்து வருடம் இருந்தவர்களின் பிள்ளைகள் அங்கே பாடசாலையில் சேர்ந்தார்கள், கடைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள், அங்கேயே கிளினிக் அட்டை எடுத்தார்கள். பிறகு ஊர் திரும்பினோம். காணியும் வீடும் ஊரில். படிப்பும் பிழைப்பும் மருந்தும் டவுனில். இந்த இரண்டுக்கும் இடையில் தினமும் ஓடும் ஓட்டம் மீள்குடியேற்றம் உண்டாக்கிய ஓட்டம். மீள்குடியேற்றத் திட்டங்களில் வீடு இருந்தது, கிணறு இருந்தது, மலசலகூடம் இருந்தது, தகரமும் சீமெந்தும் இருந்தன. காலையில் எத்தனை மணிக்குப் பேருந்து, இரவு எத்தனை மணிக்குக் கடைசிப் பேருந்து என்று யாரும் எழுதியதாக நான் அறியவில்லை.

போர்க்காலத்தில் தினமும் போய்வருவது என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. சோதனைச்சாவடியில் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்து, மறுபக்கத்தில் மீண்டும் ஏறவேண்டும். பொழுது சாயும் முன்னர் வீட்டில் இருக்கவேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பதுதான் எனது எண்ணம். மாலை ஆறு மணிக்குப் பிறகு வீதியில் நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றி எங்கள் அம்மாமாருக்கு வரும் பதற்றம் வெறும் பழைமைவாதம் இல்லை. அவர்கள் பார்த்தது அப்படி.

போருக்குப் பின் வீதிகளும் பாலங்களும் வந்தன. இறக்கக்கண்டிக்குப் புதிய பாலம் வந்தது. தெற்கே கிண்ணியாவில் அதுவரை மக்கள் 'பாதை'யில் ஏறித்தான் கடலைக் கடந்தார்கள். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. ஆனால் அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், பாலம் திருத்தும் வேலை நடந்துகொண்டிருந்தபோது மாற்றுவழியாக ஓடிய மிதவைப் பாதை 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். பாலம் கட்டுவது ஒரு திணைக்களத்தின் வேலை. பாலம் கட்டி முடியும்வரை பிள்ளைகள் எப்படிப் பாடசாலைக்குப் போவார்கள் என்பது யாருடைய வேலை என்று அதற்கு முன்னர் எவரும் கேட்கவில்லை. எங்கள் வீதியில் அப்படியோர் அனர்த்தம் நடக்கவில்லை. ஆனால் கட்டுமானத்தை ஒருவரும் அதன்மேல் ஓடவேண்டிய சேவையை இன்னொருவரும் பார்க்கும் அதே பிரிவுதான் இங்கேயும் இருக்கிறது.

பேருந்து விடயத்துக்கு வருகிறேன். இலங்கையில் 1958 ஜனவரி முதலாம் திகதி பேருந்துகள் அரசுடைமையாகின. 1979இல் தனியார் பேருந்துகளுக்கு மறுபடியும் அனுமதி கிடைத்தது. இன்று இ.போ.ச. பேருந்து மத்திய அரசின் கீழ் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குரியது. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பேருந்துக்கு வழித்தட அனுமதி கொடுப்பது கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. மாகாணம் விட்டு மாகாணம் ஓடுவதற்கு தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. ஆக, ஒரே வீதியில் அடுத்தடுத்து வரும் மூன்று பேருந்துகளுக்கு மூன்று எசமான்கள். இவர்களை ஒரே நேர அட்டவணைக்குள் கொண்டுவருவதுதான் இணைந்த நேர அட்டவணை எனப்படுவது. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் இதை வைத்து இ.போ.ச.வுக்கும் தனியாருக்கும் நடந்த இழுபறியைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

இந்த ஏற்பாட்டில் அதிகம் அடிபடுவது நடுவழியில் இருக்கும் ஊர். காலையில் நான் ஏறும் பேருந்து புல்மோட்டையிலோ குச்சவெளியிலோ புறப்பட்டு வருகிறது. இருக்கைகள் அங்கேயும் திரியாய், கும்புறுப்பிட்டிப் பக்கங்களிலும் நிறைந்துவிடுகின்றன. எங்கள் ஊருக்கு வரும்போது மிதிபலகையில் ஆட்கள். சில நாட்களில் சாரதி கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். 'பின்னால வருது' என்று அர்த்தம். பின்னால் வருவது எட்டரைக்கு அலுவலகத்தில் கையெழுத்திட வேண்டியவளுக்கு உதவாது. ஏழரைக்கு மணியடிக்கும் பாடசாலைப் பிள்ளைக்கு அறவே உதவாது. நிலாவெளிக்காரருக்கும் இதே கதைதான், இன்னும் மோசமாக.

சாரதியையும் நடத்துநரையும் மட்டும் திட்டிப் பயனில்லை. தனியார் பேருந்தில் அவர்களுடைய கூலி அன்றைய வசூலைப் பொறுத்தது. முதலாளிக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்து, டீசல் அடித்து, மிச்சத்தில்தான் அவர்களுடைய பங்கு. அதனால் டவுன் நிலையத்தில் ஆள் சேரும்வரை நின்று புறப்படுவார்கள். நேரம் பிந்தினால் வழியில் பறப்பார்கள். இரவு ஏழரைக்குப் பத்துப் பேரோடு புல்மோட்டைவரை ஓடினால் டீசல் காசும் தேறாது. ஆகவே அந்த ஓட்டம் மெல்ல இல்லாமற்போகும். அனுமதிப்பத்திரத்தில் அந்த நேரம் இருக்கலாம், வீதியில் இராது.

கடைசிப் பேருந்து ஒரு பெண்ணின் தொழிலை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு எங்கள் ஒழுங்கையிலேயே உதாரணம் உண்டு. தங்கச்சி முறையான ஒருத்தி, தகப்பன் இல்லாதவள், டவுனில் ஒரு புடவைக்கடையில் நின்றாள். கடை ஏழு மணிக்குத்தான் பூட்டும். தீபாவளி, பெருநாள் காலங்களில் இன்னும் பிந்தும். ஆறு மணிக்கு விடச்சொல்லிக் கேட்டபோது, அப்படியானால் டவுன் பிள்ளையையே எடுப்போம் என்றார்கள். ஓட்டோவில் வந்தால் அன்றைய சம்பளத்தின் பெரும்பகுதி போய்விடும். நான்கு மாதத்தில் நின்றுவிட்டாள். இப்போது வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போவதற்குக் கடவுச்சீட்டு எடுத்திருக்கிறாள். 18 கிலோமீற்றர் தூரத்திலுள்ள வேலைக்குப் போகமுடியாதவள் கடல் தாண்டிப் போகிறாள்.

நிலாவெளி ஹோட்டல்களிலும் இதே சிக்கல் உண்டு. சித்திரை முதல் புரட்டாதி வரை அங்கே சீசன். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வெளியே வரும்போது வீதியில் பேருந்து இல்லை. ஹோட்டல் வாகனம் கொண்டுவந்து விட்டால்தான் உண்டு.

ஆண்கள் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள், பெரும்பாலும் லீசிங்கில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய சைக்கிள்களின் விலையும் ஏறியது. பெற்றோல் கணக்கைப் பாருங்கள். போகவர ஏறக்குறைய 40 கிலோமீற்றர், நாளுக்கு ஒரு லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 24 நாள் வேலை. 2022 தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபா; மாதம் 4,248 ரூபா. அதே ஆண்டு ஜூன் இறுதியில் 470 ரூபா; மாதம் 11,280 ரூபா. அதுவும் கிடைத்தால்தான். பிறகு கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். டவுனுக்குள் இருப்பவருக்கு அது போதும். இறக்கக்கண்டிக்காரருக்கு நான்கு நாள் வேலை, இரண்டு நாள் வீடு. பங்கீட்டை வகுத்தவர்கள் எல்லோரும் வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள் போலும். 2023 செப்டெம்பரில் அந்த முறை நீக்கப்பட்டது. 2025இல் பெற்றோல் 300 ரூபாவை ஒட்டியே நின்றது. சம்பளம் அந்த அளவுக்கு ஏறவில்லை.

பேருந்துக் கட்டணமும் அதே வேகத்தில் ஆடியது. ஆகக்குறைந்த கட்டணம் 2022 ஜனவரியில் 17 ரூபா, ஜூலையில் 40 ரூபா, ஓகஸ்டில் 34 ரூபா. 2024 ஜூலையில் 28 ரூபாவுக்கு இறங்கியது. ஆண்டுதோறும் ஜூலை முதலாம் திகதி கட்டணத்தைத் திருத்தும் தேசியக் கொள்கை ஒன்று உண்டு. எரிபொருள், ரயர், உதிரிப்பாகம், சம்பளம் என்று பன்னிரண்டு செலவுகளை வைத்துக் கணக்கிடுவார்கள். கட்டணத்துக்கு இப்படியொரு சூத்திரம் இருக்கிறது. எந்த ஊருக்கு எத்தனை மணிவரை பேருந்து ஓடவேண்டும் என்பதற்கு அப்படியொன்றை நான் காணவில்லை.

வெளியே என்ன செய்கிறார்கள் என்றும் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. இப்போது அதற்கு 'விடியல் பயணம்' என்று பெயர். பயன்படுத்தும் பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 இந்திய ரூபா மிச்சமாகிறது என்று அந்த மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அங்கே அதைச் செய்யமுடிந்தது, அந்தப் பேருந்துகள் அரசுக் கழகங்களுடையவை என்பதால். எங்களிடம் பெரும்பகுதி தனியார் கையில் இருப்பதால் அப்படியே எடுத்துவர முடியாது. இலவசத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நேரம். காசு கொடுக்க நாங்கள் தயார். ஏழரை மணிக்கு ஒரு பேருந்து இருந்தால்.

அதற்கு நாட்டில் வழியில்லாமலில்லை. இலாபம் தராத ஓட்டத்துக்கு அரசு மானியம் கொடுத்து ஓடச்செய்யும் திட்டங்கள் ஏற்கெனவே உண்டு. பாடசாலைப் பிள்ளைகளுக்கு 'சிசு சரிய', கிராமப்புறங்களுக்கு 'கெமி சரிய', இரவு நேரத்துக்கு 'நிசி சரிய'. பெயர்கள் சிங்களத்தில் இருப்பதாலோ என்னவோ, எங்கள் பக்கத்தில் பலருக்கு இவை இருப்பதே தெரியாது. இ.போ.ச.வில் மாணவருக்குப் பருவச்சீட்டு உண்டு. செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. ஆனால் தனியார் பேருந்தில் அது செல்லாது. காலையில் முதலில் வருவது தனியார் பேருந்து என்றால் பருவச்சீட்டுக் கையில் இருந்தும் பிள்ளை காசு கொடுத்துத்தான் ஏறவேண்டும்.

கேட்பதாக இருந்தால் வெறும் மனுவாகக் கேட்கக்கூடாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுக்கலாம். எழுத முடியாதவர் வாயாலும் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லவேண்டும். மாகாண அதிகார சபையிடம் கேட்கவேண்டியவை: திருகோணமலை - புல்மோட்டை வீதியில் எத்தனை அனுமதிப்பத்திரங்கள் நடைமுறையில் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் முதல் ஓட்டமும் கடைசி ஓட்டமும் எத்தனை மணி, ஓடாத ஓட்டங்களுக்குக் கடந்த வருடம் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது. இ.போ.ச. டிப்போவிடம் அதன் நேர அட்டவணையின் பிரதி. தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம், அந்த மூன்று மானியத் திட்டங்களில் திருகோணமலை மாவட்டத்தில் ஓடும் பேருந்துகள் எவை என்பது.

இந்தக் கேள்விகளை எழுதி எங்கள் ஊரில் பேருந்துக்கு நிற்கும் பெண்களிடம் கையெழுத்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். தமிழ், முஸ்லிம் என்று பார்க்கவில்லை. காலையில் ஒரே மிதிபலகையில்தான் நிற்கிறோம். நிலாவெளியிலும் கும்புறுப்பிட்டியிலும் இருப்பவர்கள் தங்கள் ஊர் நேரங்களைச் சேர்த்துத் தனியாக விண்ணப்பித்தால் நல்லது. காலையில் எத்தனை பேருந்து நிற்காமல் போனது, மாலையில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு கொப்பியில் இரண்டு கிழமைக்குக் குறித்து வையுங்கள். பதில் வரும்போது அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்படும்.