கல்லில் படியும் கறையும் கல்பில் படியும் கறையும்

உள்ளம் இறுகிப்போன ஒரு கூட்டத்தாரைக் கல்லுக்கு ஒப்பிடும் திருமறை, உடனேயே கல்லுக்காகப் பரிந்தும் பேசுகிறது. ஆறுகள் பீறிட்டெழும் கற்களும் உண்டு, இறையச்சத்தால் உருண்டு விழும் கற்களும் உண்டு என்பது அல்பகரா அத்தியாயத்தின் 74-ஆம் வசனம் தரும் கருத்து. கல்லையும் கல்பையும் இணைத்துச் சிந்திக்க நமக்குக் கற்றுத் தந்தது இறைமறையே. அந்த வழியில் ஒரு வரலாற்றுக் கல்லைக் காண்போம்.

ஸ்பெயின் நாட்டின் கிரானடா நகரில் அல்ஹம்ரா கோட்டை நிற்கிறது. நஸ்ரி வம்சத்தின் முதல் சுல்தான் முஹம்மத் 1238-இல் அதற்கு அடிகோலினார். 14-ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் முஹம்மத் அங்கே சிங்க முற்றத்தை எழுப்பினார். அதன் நடுவே 12 வெண்பளிங்குச் சிங்கங்கள் நீரூற்றுத் தொட்டியைச் சூழ்ந்து நிற்கின்றன. 1492-இல் ஆட்சி கைமாறியது, மன்னர்கள் மறைந்தனர். ‘அல்லாஹ்வையன்றி வெற்றியாளர் எவருமில்லை’ என்று பொருள்படும் அரபு வாசகம் இன்றும் அச்சுவர்களில் நிலவுகிறது.

ஆட்சி மாற்றத்தையும் கடந்து நின்ற அச்சிங்கங்களைக் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் பற்றிக்கொண்டன. ஓயாத ஈரமும் வெயிலும் கிடைத்த இடத்தில் பச்சைப் பாசியும் நீலப்பச்சைப் பாசியும் வழவழப்பான படலமாகப் படர்ந்தன. இத்தகைய படலம் ஈரத்தைத் தேக்கும். தூசியைப் பிடித்து வைக்கும். நுண்ணுயிர்களில் சில சுரக்கும் அமிலமோ சுண்ணாம்புப் பொருளாலான பளிங்கை அணு அணுவாக அரிக்கும். பல ஆண்டுகள் நீடித்த சீரமைப்புக்குப் பின்னர், 2012-இல்தான் அந்தச் சிங்கங்களின் வாயிலிருந்து மீண்டும் நீர் பாய்ந்தது.

ஆயினும் நுண்ணுயிர்கள் யாவும் கல்லுக்குப் பகையல்ல. மிக்ஸோகாக்கஸ் ஸாந்தஸ் என்னும் பாக்டீரியா, சிதையும் சுண்ணாம்புக் கல்லின் நுண்துளைகளில் புதிய சுண்ணாம்புப் படிகங்களை உண்டாக்கி அதனை உறுதிப்படுத்துவதைக் கிரானடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்டனர். பின்னர், கல்லிலேயே குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு ஏற்ற ஊட்டக் கரைசலைத் தெளித்தும் இப்பணியை நிகழ்த்தினர். எதை உணவாகப் பெறுகின்றன என்பதிலேயே காரியம் இருக்கிறது!

அன்பர்களே! அடியான் பாவம் புரியும்போது அவன் இதயத்தில் ஒரு கரும்புள்ளி விழுகிறது; அவன் விலகி மன்னிப்புத் தேடினால் அது துலக்கப்படுகிறது; மீண்டும் மீண்டும் செய்தால் இதயம் முழுவதும் படர்ந்துவிடுகிறது என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த கருத்தை இங்கே நினைவுகூர்வோம். ஹலாலான உழைப்பின் உணவும் திக்ரும் கல்பை உறுதியாக்கும். ஹராமான ஊட்டமோ அதனை உள்ளிருந்தே அரிக்கும்.

இல்லத்துப் பெரியோர்களுக்கு மற்றொரு பாடமும் உண்டு. பள்ளிவாசல் படியில் பாசி படர்ந்தால் சிலர் அமிலத்தை ஊற்றுகின்றனர். சுண்ணாம்புக் கல்லாயின் கறையோடு கல்லும் கரையும். ஈரம் வரும் வழியை அடைத்து, மென்மையாகத் துலக்குவதே முறை. பிள்ளைகளின் பிழையைக் கடுஞ்சொல்லால் சுரண்டினால் அவர்தம் உள்ளமும் அவ்வாறே சிதையும். தீய சகவாசம் புகும் வழியை அடைத்துக் கனிவோடு திருத்துவோமாக.

கறை இளகியிருக்கும்போதே தவ்பாவால் கழுவிக்கொள்ளும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.