ஏர்பேக்கும் பதினேழு எழுத்தும்

காரில் பெரும்பாலான பாகங்கள் கெடுவதற்கு முன் ஏதாவது ஓர் அறிகுறி காட்டிவிடும். பிரேக் பேட் தேய்ந்தால் கிறீச்சிடும். கிளட்ச் போனால் மேம்பாலம் ஏறும்போது இழுவை குறையும். பேட்டரி சோர்ந்தால் காலையில் செல்ஃப் எடுக்காது. ஏர்பேக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஸ்டியரிங்கின் நடுவே மடித்து வைத்த பையும் அதன் பின்னால் உள்ள எஃகுக் குப்பியும் பத்துப் பதினைந்து ஆண்டு சும்மா கிடக்கும். வேலை செய்வது ஒரே தடவை, அதுவும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள். அந்த ஒரு தடவை அது உயிரைக் காக்குமா, கழுத்தை அறுக்குமா என்பதை எந்த மெக்கானிக்கும் ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. எந்த மாதம் செய்த குப்பி எந்த வண்டிக்குப் போனது என்பது தயாரித்த கம்பெனிக்குத்தான் தெரியும். பழுது தெரியவந்ததும் அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்து, காசு வாங்காமல் பாகத்தை மாற்றித் தருவதுதான் ரீகால். அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ பழைய கார் வைத்திருப்பவர், அந்த அழைப்பு வீடு தேடி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது; தாமே விசாரித்துக் கேட்டு வாங்க வேண்டும். குப்பிக்குள் இருக்கும் ரசாயனம், சென்னையின் வெயிலும் ஈரக்காற்றும், கைமாறிக்கொண்டே இருக்கும் நம் கார்ச் சந்தை ஆகிய மூன்றும் அதற்குக் காரணம்.

முதலில் குப்பி. இதற்கு இன்ஃப்ளேட்டர் என்று பெயர். மோதலைச் சென்சார் உணர்ந்து, கட்டுப்பாட்டுப் பெட்டி மின்துடிப்பு ஒன்றை அனுப்பியதும், குப்பிக்குள் இருக்கும் சிறு பற்றவைப்பான் எரிகிறது. அது பக்கத்தில் உள்ள ரசாயன வில்லைகளைப் பற்றவைக்கிறது. வில்லைகள் எரிந்து கிளம்பும் வாயு, குப்பியின் துளைகள் வழியாகப் பைக்குள் பாய்கிறது. பை விரிந்து முடிய ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. இதில் சூட்சுமம் முழுவதும் வில்லை எரியும் வேகத்தில் இருக்கிறது. வெளியே தெரியும் பரப்பு எவ்வளவோ, அதற்கேற்ற வேகத்தில்தான் வில்லை எரியும். கெட்டியாக, விரிசல் இல்லாமல் இருந்தால் கணக்குப்படி எரியும். நுண்துளை விழுந்துவிட்டால் எரியும் பரப்பு பல மடங்கு கூடும். குப்பி தாங்காத அழுத்தம் ஏறும். எஃகு பிளந்து, அதன் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுபவரின் முகத்திலும் கழுத்திலும் பாயும்.

இது கற்பனை அல்ல. ஆரம்பகால ஏர்பேக்குகளில் நச்சுத்தன்மை உள்ள சோடியம் அசைடு இருந்தது. அதை விட்டு வெளியே வந்த ஜப்பானின் டகாடா கம்பெனி, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விலை மலிவான அம்மோனியம் நைட்ரேட்டுக்கு மாறியது. உரத்துக்கும் சுரங்க வெடிக்கும் பயன்படும் அதே உப்பு. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்தபோது, மணலிக் கிடங்கில் கிடந்த ஏறத்தாழ 700 டன் சரக்கை நினைத்துச் சென்னை பதறியதே, அந்தச் சரக்கும் இதுதான். இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. 32 டிகிரி செல்சியஸை ஒட்டிப் படிகம் வடிவம் மாறி, கன அளவும் மாறும். இதை வேறோர் உப்பைக் கலந்து டகாடா சமாளித்தது. இரண்டாவது சிக்கல், மழைக்காலத்து உப்பு ஜாடி போல இது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது. அதற்குப் போதிய தடுப்பு வைக்கவில்லை. பத்து கார்க் கம்பெனிகள் சேர்ந்து அமர்த்திய ஆர்பிட்டல் ஏ.டி.கே. நிறுவனம் 2016 பிப்ரவரியில் மூன்று காரணங்களைச் சொன்னது: ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்காத அம்மோனியம் நைட்ரேட், ஈரத்தை உள்ளே விடும் குப்பியின் அமைப்பு, ஆண்டுக்கணக்கில் சூடேறியும் இறங்கியும் வரும் தட்பவெப்பம். மூன்றும் சேரும்போது வில்லை உளுத்துப்போகிறது.

எவ்வளவு காலத்தில் உளுத்துப்போகும்? அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2016 மே மாதம் இதை ஊர்வாரியாகப் பிரித்துச் சொன்னது. ஃபுளோரிடா போன்ற வெக்கையும் ஈரமும் மிகுந்த மாநிலங்களில் 6 முதல் 9 ஆண்டு. மிதமான இடங்களில் 10 முதல் 15. குளிர்ந்த வட மாநிலங்களில் 15 முதல் 20. சென்னை இந்தப் பட்டியலில் எந்த வரிசையில் நிற்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடியும்வரை மொட்டை வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் வெளியே உள்ளதைவிட எவ்வளவோ அதிகம். இரவில் இறங்கும், மறுநாள் ஏறும். காற்றில் ஈரம் ஆண்டு முழுக்க இருக்கிறது. நம்மைப் போன்ற தட்பவெப்பம் கொண்ட மலேசியாவில், சரவாக் மாநிலத்தின் சிபு நகரில் 2014 ஜூலையில் 2003 மாடல் ஹோண்டா சிட்டியை ஓட்டிய கர்ப்பிணிப் பெண் ஒருவர், வெடித்த இன்ஃப்ளேட்டரின் துண்டு பாய்ந்து இறந்தார். அமெரிக்காவுக்கு வெளியே டகாடா ஏர்பேக்கால் நேர்ந்த முதல் மரணமாகப் பதிவானது அது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 10 கோடி இன்ஃப்ளேட்டர்கள் ரீகாலுக்கு வந்தன. 2017 ஜூனில் டகாடா திவாலானது. இந்தியாவில் ஹோண்டா 2016 ஜூலையில் 1,90,578 கார்களையும், 2017 ஜனவரியில் 41,580 கார்களையும், 2018 ஜனவரியில் 22,834 கார்களையும் இதற்காகவே அழைத்தது. பெரும்பகுதி சிட்டி. இன்றும் நம் சாலைகளில் சாதாரணமாகக் கண்ணில் படும் வண்டி.

‘என் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்குகூட எரியவில்லையே’ என்பது வழக்கமான மறுப்பு. அந்த விளக்கு மின்சுற்று சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். குப்பிக்குள் வில்லை உளுத்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. வண்டி நன்றாக ஓடுவதும் சாட்சியாகாது. ரீகால் தனி ஒரு வண்டியைப் பார்த்துச் சொல்லப்படுவதில்லை; ஒரு பேட்ச்சைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. பாடியிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் கார் பாகம் செய்யும் ஆலைகளில் வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கானோருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு லாட்டில் நாலு பீஸ் தப்பாகிவிட்டால் அந்த லாட் முழுவதையும் நிறுத்தி வைப்பது அவர்களின் அன்றாட வேலை. ஆலைக் கேட்டைத் தாண்டிய பிறகும் அதே வேலையைச் செய்வதுதான் ரீகால். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு 2021 மே மாதம் இக்னிஷன் காயில் பழுதுக்காக 2,36,966 பைக்குகளை அழைத்தபோது, காயில் மாற்ற வேண்டியவை பத்து சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும் என்று தானே கணித்தது. இருந்தும் எல்லா வண்டியையும் அழைத்தது. எந்த வண்டி அந்தப் பத்தில் ஒன்று என்று சோதிக்காமல் தெரியாது என்பதே காரணம்.

‘கடிதம் வந்தால் போகிறேன்’ என்பது அடுத்த மறுப்பு. கடிதமும் குறுஞ்செய்தியும் கம்பெனியின் பதிவில் இருக்கும் பெயருக்குத்தான் போகும். 2012-இல் அண்ணா நகரில் வாங்கிய கார் 2017-இல் அம்பத்தூருக்கும், 2021-இல் திருநின்றவூருக்கும் கைமாறியிருந்தால், கடிதம் இன்னும் முதல் முகவரிக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றினாலும் கம்பெனியின் பதிவில் அது தானாக மாறிவிடும் என்று சொல்ல முடியாது. வாரண்டி முடிந்த பின் தெருமுனை மெக்கானிக்கிடம் வண்டியை விடுபவர்கள் சர்வீஸ் சென்டரின் கண்ணிலிருந்தே மறைந்துவிடுகிறார்கள். வயதாக ஆக ஆபத்து கூடும் பாகம் இது. வயதாக ஆகத்தான் வண்டியும் கம்பெனியின் பார்வையிலிருந்து விலகுகிறது. ஆக, அதிக ஆபத்தில் இருப்பவருக்கே செய்தி கடைசியாகப் போய்ச் சேரும், சேராமலும் போகலாம்.

இந்த இடைவெளியை அடைக்கும் சாவி சேஸிஸ் நம்பர். ஆர்.சி.யில் அச்சிட்டிருக்கும், வண்டியின் உடலிலும் பொறித்திருக்கும். இன்றைய கார்களில் அது 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ஆங்கிலத்தின் ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்துகளும் அதில் வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக் கூடாது என்று உலக அளவில் வைத்த ஏற்பாடு. எனவே ஆர்.சி.யைப் பார்த்து எழுதும்போது ஓ போலத் தெரிவது பூஜ்யமே. இந்த 17-ஐயும் கார்க் கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் போட்டால், நிலுவையில் உள்ள வேலை ஏதும் உண்டா என்று தெரிந்துவிடும். தளத்தில் வசதி இல்லையென்றால் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்கலாம். பழைய கார் வாங்குபவர் புரோக்கரின் வாய்ச்சொல்லை நம்பாமல், முன்பணம் கொடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

சர்வீஸ் சென்டருக்குப் போனால் ஏதாவது சாக்குச் சொல்லி நாலு வேலையைச் சேர்த்து பில் போட்டுவிடுவார்கள் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ரீகால் வேலைக்கான பாகத்தின் விலையையும் கூலியையும் கம்பெனி ஏற்கிறது. டீலர் உங்களுக்குச் செய்யும் உபகாரம் அல்ல அது. ஜாப் கார்டில் ரீகால் வேலையைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். தொகை பூஜ்யம் என்று இருக்க வேண்டும். மற்ற வேலைகள் வேண்டாம் என்றால் ‘வேண்டாம்’ என்று அதே கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ‘பார்ட்ஸ் வரவில்லை, அடுத்த மாதம் வாங்க சார்’ என்று சொன்னால், வந்து போன தேதியையும் பாகம் வரும் உத்தேச நாளையும் எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சலாக இருந்தால் இன்னும் நல்லது. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவது நம் ஊர் வழக்கம். இன்ஃப்ளேட்டர் விஷயத்தில் அது வேண்டாம். அதற்குள் இருப்பது வெடிமருந்து, கம்பெனிக்கே திரும்பிப் போக வேண்டியது. அதேபோல் புதுப்பேட்டை போன்ற பழைய பார்ட்ஸ் சந்தையில் ஏர்பேக் வாங்கி மாட்டினால், அது எந்த பேட்ச் என்று யாருக்கும் தெரியாது. செலவு மிச்சம் என்று அதைச் செய்வது ஆபத்து.

‘சட்டம் இருக்கிறது, அரசு பார்த்துக்கொள்ளும்’ என்பவர்களுக்கு: 2012 முதல் இந்தியாவில் ரீகால் கம்பெனிகளின் விருப்பத்தின் பேரில்தான் நடந்துவந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ரீகாலுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகளும் நடைமுறையில் உள்ளன. மீறும் கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் கட்டாய ரீகால் தயாரித்து 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே பொருந்தும். வெக்கையான ஊரில் டகாடா வில்லை கெட்டுப்போக 6 முதல் 9 ஆண்டு என்ற கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ரசாயனம் கெடத் தொடங்கும் வேளையில் சட்டத்தின் கை எட்டாமல் போகிறது. இந்த வரம்பு பாகத்தின் ஆயுளைப் பொறுத்து மாற வேண்டும். அதே சமயம், வண்டிக்கு 7 ஆண்டு தாண்டிவிட்டது என்று வாடிக்கையாளர் ஒதுங்கவும் கூடாது. 2003 முதல் 2006 வரை தயாரித்த 3,669 அக்கார்டு கார்களை ஹோண்டா 2019-இல் தானாகவே அழைத்து, இன்ஃப்ளேட்டரை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. சட்டம் கட்டாயப்படுத்தாததை உற்பத்தியாளர் செய்வதும் உண்டு, கேட்டால்தான் தெரியும்.

‘ரீகால் வந்த வண்டி என்றால் விலை போகாது, மாடலே மட்டம்’ என்ற பேச்சும் தவறு. மாருதி 2023 ஜனவரியில், அதற்கு முந்தைய சில வாரங்களில் செய்த 17,362 கார்களை ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்காக அழைத்தது; பாகம் மாற்றும்வரை ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னது. உருப்படியான கம்பெனி அப்படித்தான் சொல்ல வேண்டும். ரீகாலே அறிவிக்காத மாடல் பழுதே இல்லாத மாடல் என்று பொருளில்லை. பழைய கார் சந்தையில் விலையைக் குறைக்க வேண்டியது ரீகால் வேலை முடிக்காத வண்டிக்கே. முடித்ததற்கான ஜாப் கார்டு கையில் இருந்தால் அது வண்டியின் மதிப்பைக் கூட்டும் காகிதம். இதையெல்லாம் படித்துவிட்டு ஏர்பேக்கையே கழற்றிவிடலாமா என்று யோசிப்பதும் வீண். பழுதில்லாத ஏர்பேக் காப்பாற்றும் உயிர்கள் ஏராளம். பழுதான பேட்ச்சை மாற்றுவதே முறை.

ஆர்.சி.யை இன்றே எடுத்துச் சேஸிஸ் நம்பரைச் சரிபாருங்கள். நிலுவை இருந்தும் டீலர் இழுத்தடித்தால், முதலில் கம்பெனிக்கு எழுத்துபூர்வமாகப் புகார் செய்யுங்கள். பழுது குறித்து மத்திய அரசின் வாகன் தளத்திலுள்ள ரீகால் பக்கத்தில் பதிவு செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் சட்டப்படி, டீலர் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்: அம்பத்தூர்க்காரர் சென்னையில், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் திருவள்ளூரில்.