ஆணையத்திற்கு அளிக்கும் வாக்குறுதி

வணிகத்தில் முறைகேடு செய்தவரைத் தண்டிப்பது ஒரு வழி. ‘இனி இவ்வாறு செய்யமாட்டேன், இன்ன இன்ன மாற்றங்களைச் செய்வேன்’ என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வழக்கை முடிப்பது மற்றொரு வழி. இவ்விரண்டாம் வழி நம் நாட்டுப் போட்டிச் சட்டத்தில் அண்மையில்தான் இடம்பெற்றது. அதன் நன்மை யாது, அதில் மறைந்துள்ள ஆபத்து யாது என்பதை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1969-ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டத்திற்குப் பதிலாக வந்தது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம். அதனை நிறைவேற்றும் பொறுப்பு இந்தியப் போட்டி ஆணையத்தைச் சேர்ந்தது. 2009 மே மாதம் முதல் அவ்வாணையம் முறைகேடுகளை விசாரித்து வருகிறது.

முறைகேடுகளில் இரு வகை உண்டு. நான் வாழும் எம்.கே.பி. நகருக்குக் கிழக்கே, கடலோரத்தில், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. ஐஸ் இல்லாமல் அங்கே விசைப்படகுகள் கடலுக்குப் புறப்படுவதில்லை. ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஐஸ் ஆலை முதலாளிகள் நால்வர் இரகசியமாகக் கூடி ஒரே விலையை நிர்ணயித்துக்கொண்டால், அது கூட்டுச்சதி. அவ்வாறன்றி, ஐஸ் ஆலை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதன் முதலாளி, ‘வலையையும் என்னிடமே வாங்கினால்தான் ஐஸ் தருவேன்’ என்கிறார். இது ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவது.

2023-இல் நிறைவேறி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தம், இவ்விரண்டாம் வகைக்கும், உற்பத்தியாளர் தம் விற்பனையாளர் மீது விதிக்கும் தகாத நிபந்தனைகளுக்கும் மட்டுமே சமரச வழியைத் திறந்தது. புலனாய்வு அறிக்கை வருமுன் நிறுவனம் முன்வந்தால் அதற்கு ‘வாக்குறுதி’ என்று பெயர். பணம் செலுத்த வேண்டுவதில்லை. அறிக்கை வந்தபின் முன்வந்தால் அது ‘தீர்வு’. அப்பொழுது பணமும் செலுத்தவேண்டும். கூட்டுச்சதிக்கு இவ்விரு வழிகளும் இல்லை.

இவ்வழியில் முடிந்த முதல் வழக்கு கூகுள் நிறுவனத்தினுடையது. தொலைக்காட்சிப் பெட்டி தயாரிப்போர் அதன் பிளே ஸ்டோரைப் பெறவேண்டுமாயின், அதன் பிற செயலிகளையும் சேர்த்தே ஏற்கவேண்டியிருந்தது. காசிமேட்டு ஐஸும் வலையும் போன்ற கதைதான் இது! 2025 ஏப்ரலில் ஆணையம் தீர்வை ஏற்றது. பிளே ஸ்டோரைக் கட்டணத்திற்குத் தனியே தர கூகுள் இசைந்தது, 20.24 கோடி ரூபாயும் செலுத்த ஒப்பியது. அது 15 சதவீதத் தள்ளுபடிக்குப் பின் வந்த தொகை.

தள்ளுபடி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காலத்தை மிச்சப்படுத்துவதற்கே. வழக்காடினால் எவ்வளவு காலம் செல்லும் என்பதற்கு, சமரசத்திற்கு இடமில்லாத ஒரு வழக்கையே பாருங்கள். நம் திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எப். உட்பட ஐந்து டயர் நிறுவனங்கள் 2011, 2012 ஆண்டுகளில் கூடி விலை வைத்தன என்று 2018-இல் ஆணையம் முடிவு செய்தது. அபராதம் 1,788 கோடி ரூபாய்க்கு மேல். சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்ததால், 2022 வரை அவ்வாணை வெளிவரவே இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதனை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. எனவே, குற்றம் முடிவாக நிலைநாட்டப்பட்டது என்று அதனைக்கொண்டு கூறலாகாது. பத்தாண்டுகள் கழிந்தும் லாரி உரிமையாளருக்கு விடை கிட்டவில்லை என்பதே என் கருத்து.

ஆகவே, விரைவாக வரும் வாக்குறுதி நல்லதே. ஆனால், வாக்குறுதி மீறப்பட்டால்? ஐரோப்பாவில் மைக்ரோசாப்ட் நிறுவனம் பயனாளர் தாம் விரும்பும் உலாவியைத் தேர்ந்துகொள்ள ஒரு திரையைக் காட்டுவதாக 2009-இல் உறுதியளித்தது. 2011 மே முதல் 2012 ஜூலை வரை பலருடைய கணினிகளில் அத்திரை தோன்றவில்லை. 2013-இல் 56 கோடியே 10 இலட்சம் யூரோ அபராதம் விழுந்தது. நம் சட்டத்திலும், சொன்னபடி நடவாவிட்டால் சமரச ஆணை இரத்தாகும். விசாரணை மீண்டும் எழும்.

மற்றொரு குறையும் உண்டு. சமரசத்தில் ‘நீ குற்றவாளி’ என்ற தீர்ப்பு எழுதப்படுவதில்லை. தீர்வு ஆணையைக்கொண்டு பாதிக்கப்பட்டோர் நட்டஈடு கோரலாம். வாக்குறுதி ஆணையைக்கொண்டு கோரமுடியாது. எனவே அபராதமும் இல்லை, நட்டஈடும் இல்லை என்னும்போது, வாக்குறுதியின் வாசகம் ஒன்றே பொதுமக்களுக்குக் கிடைக்கும் பயன். அதில் ஒரு சொல் தளர்ந்தாலும் இழப்பு நம்முடையதே.

இதனால்தான், ஏற்குமுன் பிறருடைய ஆட்சேபங்களையும் யோசனைகளையும் கேட்கவேண்டும் என்று சட்டம் விதித்திருக்கிறது. அத்தகைய அறிவிப்பு வெளிவரும்பொழுது, மாணவர்களே, அதனைப் படியுங்கள். எதைச் செய்வதாகச் சொல்கிறார்கள், எத்தனை ஆண்டுகளுக்கு, யார் கண்காணிப்பது என்ற மூன்று கேள்விகளை எழுப்புங்கள். விடை தெளிவாக இல்லையெனில் ஆணையத்திற்கு எழுதுங்கள். நிறுவனமும் ஆணையமும் செய்துகொள்ளும் அவ்வுடன்பாட்டில், கையொப்பமிடாத மூன்றாம் தரப்பினர் நாமே அல்லவா?